மூணு தரம்

தலைச் சுற்றளவு ஐம்பத்து நாலு.
டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டு
மயிரை வகிடு வகிடாகப் பிரித்து
சிவப்புப் பென்சிலால் புள்ளி வைக்கிறேன்.
இருபத்தொரு புள்ளி. ஒவ்வொன்றிலும் பசை.
‘ஐஸ் பெட்டிக்குள்ள தலைய உட்ட மாதிரி இருக்கு.’

பெயர் அஞ்சலாட்சி. வயது முப்பத்தொன்று.
துறைமுகத்தில் மீன் ஏலம் கூறுகிறாள்.
முன்னூறில் தொடங்கி ஏறிக்கொண்டே போகும் குரல்
சில நாள் நடுவழியில் நின்றுவிடுமாம்.
கண் திறந்தே இருக்கும். கை கூடை மேல் இருக்கும்.
பத்துப் பன்னிரண்டு விநாடி கழித்து
விட்ட விலையிலிருந்தே மறுபடி தொடங்குவாள்.
வியாபாரிகள் முதலில் பயந்தார்கள்.
பிறகு அந்த இடைவெளி பார்த்து
கூடையைத் தூக்கப் பழகிக்கொண்டார்கள்.

மஞ்சக்குப்பத்தில் மருந்துக் கடைக்கு மேல் எங்கள் அறை.
ஃபேனை நிறுத்தினேன். ஏ.சி.யை நிறுத்தினேன்.
செல்போனை வெளியே வைத்தாயிற்று.
அப்படியும் நெய்வேலி வந்துவிடும்,
சுவருக்குள் ஓடுகிற கரண்ட்,
விநாடிக்கு ஐம்பது, எல்லாக் கோட்டையும் தடிப்பாக்கிக்கொண்டு.
வடிகட்டியைப் போட்டால் அடங்கும்.
அதற்கும் அடியில்தான் அவள் இருக்கிறாள்:
ஒரு வோல்ட்டைப் பத்து லட்சமாகக் கூறுபோட்டு
அதில் ஒரு முப்பது, நாற்பது கூறு.

‘கண்ண மூடுங்க.’
பின்மண்டையில் எழுந்து வருகிறது
விநாடிக்குப் பத்து, கொழுத்தும் மெலிந்தும்.
‘தொறங்க.’
காணோம்.
‘மூடுங்க.’
பதினோரு வருடமாகப் பார்க்கிறேன்;
இன்னமும் ஒவ்வொரு தலையிலும்
திரும்பி வருமா என்று ஒரு கணம் காத்திருக்கிறேன்.

அலை என்றுதான் படித்தது.
அந்தச் சொல்லைக் கரையோர ஆட்களிடம் சொல்வதில்லை;
ஒரு டிசம்பருக்குப் பிறகு இங்கே அதற்கு எடை அதிகம்.
ஏற்ற இறக்கம் என்றேன்.
‘வெல மாதிரியா?’
ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.
ஆனால் யோசித்தால் சரியாகத்தான் கேட்டாள்.
ஒருத்தன் கேட்டு முடித்த இடத்தில்தான்
இன்னொருத்தன் வாய் திறக்க முடியும்.
இங்கே வேகமாக, அங்கே மெதுவாக,
ஆளுக்கொரு தாளத்தில் நச்சரித்துக்கொண்டே
எப்படியோ ஒரு விலைக்கு வந்து சேர்கிறது மண்டை.
நாம் அதை ‘நான்’ என்கிறோம்.

மூன்று நிமிடம் இழுத்து இழுத்து ஊதச் சொன்னேன்.
இரண்டாவது நிமிடம் முடியும்போது
ஊதல் நின்றது.
திரையில்,
நெற்றியிலிருந்து பிடரி வரை எல்லாக் கோடும் ஒன்றாக:
ஒரு முள், ஒரு திமில். ஒரு முள், ஒரு திமில்.
விநாடிக்கு மூன்று.
எங்கும் ஒரே குரல், ஒரே விலை.
இவ்வளவு ஒற்றுமையில் அவள் இல்லை.
விதிப்படி அந்த நேரத்தில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.
‘கெளுத்தி’ என்றேன்.

ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்.
ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்.
பன்னிரண்டு முறை அவளை ஏலம் விட்டது.
எடுக்க ஆளில்லை.

திமில் சரிந்தது. அவள் ஊதத் தொடங்கினாள்,
விட்ட இடத்திலிருந்தே.

‘நடுவுல ஒரு வார்த்த சொன்னனே, என்னா?’
‘எப்ப?’

பஞ்சால் பசையைத் துடைக்கும்போது கேட்டாள்:
‘எத்தன செகண்டு?’
பன்னிரண்டு.
‘எழுதிக் குடுங்க. அதுல தூக்குன கூடைக்கு நான் காசு கேக்கணும்.’
டாக்டர் வியாழக்கிழமைதான் பாண்டியிலிருந்து வருவார்,
அவர்தான் எழுதுவார் என்றேன்.
‘அவரு வலிப்புன்னு எழுதிடுவாரு.
அப்பறம் என்ன யாரு ஏலம் கூற உடுவாங்க?
பேரு வேணாம். செகண்டு மட்டும் எழுதுங்க.’

நான் எழுதவில்லை. எழுதக் கூடாது.
மாத்திரை உண்டு, நின்றுவிடும் என்று சொன்னேன்;
அதையும் நான் சொல்லியிருக்கக் கூடாது.

படியிறங்கப் போனவள் திரும்பினாள்,
காதோரம் இன்னும் பசை வெள்ளையாக.
‘என்னா வார்த்த அது?’
கெளுத்தி.
‘ஏம்மா, ஒரு சங்கரான்னு சொல்லியிருந்தா
ஞாபகம் இருந்திருக்கும்ல.’

ஃபேனைப் போட்டேன்.
ஆளில்லாத இருபத்தொரு கம்பியிலும்
நெய்வேலி.