சுள்ளிக்கு ஏலம் இல்லை

மரத்துக்கு நம்பர் போட வந்தார்கள்.
ஒரு டப்பா வெள்ளைப் பெயிண்ட், ஒரு பிரஷ்,
சுற்றளவு பிடிக்க ஒரு நாடா.
ஆயிரத்து நானூற்று ஆறு என்று
என் மரத்தில் எழுதினான் பையன்.

என் மரம் என்று சொல்லக்கூடாது.
குளம் பொதுப்பணித் துறைக்கு, மரம் வனத்துறைக்கு,
தண்ணீர் வயல்காரர்களுக்கு, மீன் குத்தகைக்காரருக்கு.
நிழல் யாருக்கு என்று
இன்னும் ஒருத்தரும் கேட்கவில்லை.

பன்னிரண்டு வருஷம் முந்தி
வற்றிக் கிடந்த குளத்துக்குள் மேடு கூட்டினோம்,
நாற்பத்து மூன்று பொம்பளைகள், ஒரு மேஸ்திரி.
சனிக்கிழமை கூலி கைக்கு வந்தது.
முதல் வாரம்
பூலுடையார் அடகு வைத்த குடத்தை மீட்டேன்.
இரண்டாம் வாரம் வட்டி.
மூன்றாம் வாரமும் வட்டி.

ஐப்பசியில் பச்சையாற்றுத் தண்ணீர் வந்து
கழுத்துமட்டும் முங்கிய கருவேலங்கன்றுகள்
மூச்சுப் பிடித்து நின்றன.
எங்களைப் போல என்று சொல்ல வந்தேன்.
வேண்டாம், மரம் வட்டி கட்டுவதில்லை.

பிறகு நெத்து உதிர்ந்தது.
நெத்து தின்று ஒரு ஆடு நாலாயிற்று,
நாலில் இரண்டு
சண்முகக்கனியின் நர்சிங் காலேஜ் பீஸாயிற்று.
முள்ளையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.
உள்ளங்காலில் ஒன்று இன்னும் இருக்கிறது,
மழைக்கு முன்னால் சொல்லிவிடும்.

நாரை கூடு கட்டிய பதினேழு மரத்துக்கு
நம்பர் போடவில்லை.
வள்ளியூர் சூளைக்காரர் அண்ணாந்து பார்த்துக்
கொஞ்சம் வருத்தப்பட்டார்.

ஏலப் பணத்தில் பஞ்சாயத்துப் பங்குக்குத்
தெருவிளக்கு வரும் என்றார் தலைவர்.
வரட்டும்.
இதுவரை இருட்டில்
வட்டிக்காரர் முகம் தெரியாமல் இருந்தது.

"சார், வெட்டுன பெறவு சுள்ளி யாருக்கு?"
"சுள்ளி ஏலத்துல வராதும்மா. நீங்க எடுத்துக்கங்க."
"எழுதித் தாங்க."
சிரித்தார். நான் சிரிக்கவில்லை.
வெயில் ஏறிக்கொண்டிருந்தது, பெயிண்ட் காய்ந்துகொண்டிருந்தது.
நாற்பத்து மூன்றில் மிச்சம் இருந்த முப்பத்தொரு பேரும்
பெயிண்ட் டப்பாவைச் சுற்றி நின்றோம்.

நோட்டின் கடைசித் தாளைக் கிழித்து
எழுதினார்:
விரல் பருமனுக்கு உட்பட்ட சுள்ளி ஊராருக்கு.

"யாரு வெரலு சார்?"

பேனா பிடித்த தன் விரலைப் பார்த்தார்.
மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன
என் பெருவிரலை
அவர் தாளின்மேல் வைத்தேன்.