நகக் கப்பல்

விளக்கு வைக்கிற நேரம்.
உவர்மலை அலுவலகப் படியில் குந்தி
ஐனார் நகம் வெட்டிக்கொண்டிருந்தான்.
"இந்த நேரத்தில் வெட்டக்கூடாது" என்றேன்.
போர்நிறுத்தத்தைக் கண்காணிக்க
நோர்வேயிலிருந்து வந்தவன்
சுண்டுவிரலோடு நிறுத்திக்கொண்டான்.
"எங்களிடமும் ஒன்று உண்டு" என்றான்.

அவன் சொல்வதைத் தமிழாக்குவது என் வேலை.
அன்று கேட்க வேறு ஆளில்லை;
எனக்கே மொழிபெயர்த்துக்கொண்டேன்:

வடகடலில் கொள்ளைக்குப் போன வைக்கிங்குகள்
நம்பினார்களாம்,
உலகம் முடிகிற நாளில் ஒரு கப்பல் வரும்.
மரமில்லை, இரும்பில்லை,
செத்தவர்களின் நகத்தால் கட்டியது.
அதனால்
பிணத்தின் நகத்தை வெட்டிவிட்டுத்தான் அனுப்புவார்கள்.
வெட்டாத நகமெல்லாம்
அந்தக் கப்பலுக்குப் பலகை.
வெட்ட வெட்ட நாள் தள்ளிப்போகும்.

உலகத்தைக் காப்பாற்ற
ஒரு நகவெட்டி போதுமா என்று சிரித்தேன்.
அவனும் சிரித்தான்.
கீழே உள்துறைமுகத்தில்
கடற்படைப் படகு விளக்கைப் போட்டது.

மேசையில் காலையில் எழுதிய முறைப்பாடு.
சல்லி, இராசமலர்.
கணவன் தவசீலன், வயது முப்பத்தொன்று.
நீலப் படகு, பதினைந்து குதிரைவலு எஞ்சின்.
விசேட அடையாளங்கள்: (அவள் அழுதாள், விட்டுவிட்டேன்)
உடல்: கிடைக்கவில்லை.

கையில் பத்து, காலில் பத்து.
அலுமாரியில் இன்னும் நாற்பது கோப்பு.
கணக்கை அதோடு நிறுத்தினேன்.
அந்தக் கப்பல் ஏன் இன்னும் புறப்படவில்லை?

இரண்டு வருடம் கழித்துக்
கன்னியாவுக்குக் கூப்பிட்டாள்.
இராவணன் தாய்க்குச் செய்த இடத்தில்
தர்ப்பையைப் புருசனென்று வைத்து
ஐயர் கோத்திரம் கேட்டார்.
ஏழு கிணற்றிலும் அள்ளி வார்த்தாள்.
நாலாவது கிணறு சுடுகிறது என்றாள்.

சேலையைப் பிழிந்துகொண்டு நின்றவளிடம்
ஏன் சொன்னேனோ,
நகக் கப்பல் கதையைச் சொன்னேன்.
கேட்டு முடிய
வாய்விட்டுச் சிரித்தாள்:

"அந்தாளுக்கு எங்கையடி நகம்?
வலை இழுக்கேக்கையும் கடிப்பார்
தாலி கட்டேக்கையும் கடிச்சவர்.
கப்பல்காரர் ஏமாந்து போவினம்."

இதைச் சொல்ல ஐனார் இல்லை.
மாற்றலாகிப் போயிருந்தான்.

அலுவலகம் திரும்பி
தூசு தட்டிக் கோப்பை எடுத்தேன்.
வெறுமையாய்க் கிடந்த இடத்தில் எழுதினேன்:

நகம் கடிக்கும் பழக்கம் உள்ளவர்.