கேள்வி பதினேழு

வந்த கேள்விகள் நாற்பத்தொன்று.
ஒரே கேள்வியை வேறு வேறு உடுப்பில் அனுப்பியவர்களைக் கழித்தால்
இருபத்து மூன்று.
மழை வந்தால் என்ன செய்வதென்று மட்டும் ஒன்பது பேர்.
டிசம்பரில் தேதி குறித்துவிட்டு
மழையை விசாரிக்கிறார்கள்.

சமூக மன்றத்தில் அறை கிடைக்கவில்லை,
ஞாயிறு நாலு மணிக்கு அங்கே ஸும்பா வகுப்பு.
அதனால் ஸூம்.
உட்லண்ட்ஸ், பொங்கோல், ஜூரோங் வெஸ்ட் என்று
சின்னச் சின்னப் பெட்டிகளில்
ஜோடி ஜோடியாக வந்து உட்கார்ந்தார்கள்.
ஒருவன் எம்ஆர்டியில் கம்பியைப் பிடித்தபடி
ஒவ்வொரு நிலையத்திலும் ஆடினான்.

திரு. அமலதாஸ் இரண்டு நிமிடம் வாயை மட்டும் அசைத்தார்.
“சார், மைக்கைத் திறங்க.”
இருபத்தாறு வருஷம்
அடுத்தவர் முகத்துக்கு வெளிச்சம் பார்த்தவர்
தன் முதுகுக்குப் பின்னால் சன்னலை வைத்துக்கொண்டு
கரிக்கட்டையாகத் தெரிந்தார்.

பிறகு எதிரொலி.
நான் சொன்ன வணக்கம் அரை நொடி கழித்து
எனக்கே வணக்கம் சொன்னது.
“ஒரே வீட்ல ரெண்டு பேர் இருந்தா
ஒருத்தர் சத்தத்தைக் குறைச்சுக்குங்க”
என்று பொதுவாக அறிவித்தேன்.
நின்றது.

தாலி கட்டும் நேரம் பார்த்துக் கைப்பேசியை உயர்த்தும்
சித்தப்பாக்களை என்ன செய்வது?
“முன்வரிசைக்குக் காப்பி கொடுத்திடுங்க, சூடா.
ரெண்டு கையும் வேலையா இருக்கும்.”
ஒல்லியாகத் தெரிய?
“மூச்சு விடுங்க. அடக்கி வச்சா கழுத்து காட்டிக் கொடுத்திடும்.”
மழை?
“புளோக்குக்குக் கீழ வந்து நில்லுங்க.
மழை நாள்ல அங்க வர்ற வெளிச்சத்துக்கு
நான் காசு வாங்குறதே பாவம்.”

பதினேழாவது கேள்வியில் பெயர் இல்லை.
‘அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்வதில்லை.
குடும்பபடத்தில் யாரை எங்கே நிறுத்துவது?’

குடும்பப் படம். நடுவில் ஒரு ப் வேண்டும்.
தொடக்கநிலை நான்கிலிருந்து
அவளுடைய கட்டுரைத் தாள்களில்
ஆசிரியை சிவப்பு மையில் சுழித்துக்கொண்டே வந்த
அதே ப்.
பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில்
நான் மட்டும் கையெழுத்துப் போட்டேன்.

வியாழன் இரவே தெரிந்துவிட்டது.
தனிப்பட்ட விஷயம் என்று நீக்கினேன்.
மறுபடி சேர்த்தேன்.
இருபத்து மூன்றுக்கும் கீழே நகர்த்தி வைத்தேன்,
நேரம் முடிந்துவிடும் என்று.
ஏழு நிமிடம் மீந்தது.

செய்தி வாசிப்பவள்போல வாசித்தேன்.

அவர் அசையவில்லை. படம் உறைந்துவிட்டதோ என்று பார்த்தால்
பின்னால் மின்விசிறி சுற்றுகிறது.
“‘குடும்பத்தார் மேடைக்கு வாங்க’ன்னு
நான் மைக்ல சொல்றதே இல்ல.
அந்த வார்த்தைக்கு எழுந்திரிக்கலாமா கூடாதான்னு தெரியாம
எப்படியும் அஞ்சு பேர் தரையைப் பார்ப்பாங்க.
பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன்.
பேரைச் சொன்னா மனுசன் வந்திருவான்.
அம்மா பொண்ணு பக்கத்துல, அப்பா மாப்பிள்ளை பக்கத்துல.
நடுவுல ரெண்டு பேர், ரெண்டு மாலை.
அந்த அகலம் போதும்.
பேர்ப் பட்டியல் மட்டும் முதல் நாளே வேணும்.”

முப்பத்து நான்கு பெட்டிகளில் ஒன்று
ஆரம்பம் முதல் கறுப்பாகவே இருந்தது.
சுவருக்கு அந்தப் பக்கம்
நாற்காலி நகரும் சத்தம்.

நன்றி சொன்னேன். கைதட்டும் சின்னங்கள்
குமிழாக எழும்பி மறைந்தன.
மன்றத்துக்கு அறிக்கை:
கலந்துகொண்டோர் முப்பத்து நான்கு.
தொழில்நுட்பச் சிக்கல், எதிரொலி. சரிசெய்யப்பட்டது.

காப்பிக் குவளையைக் கழுவும்போது
பதினோரு வருஷமாய் ‘உங்கப்பா’ என்றே
அவளிடம் சொல்லிவந்த ஆளை
பெயர் சொல்லிப் பார்த்தேன்.
குணாளன்.
குழாய்ச் சத்தத்தில்
எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

குழாயை மூடிவிட்டு
இன்னொரு முறை.