இடது கிதார்

ஹித் உலர்துறையில்
கப்பல் வயிற்றுத் துருவைக் கொத்தி உதிர்ப்பது வேலை.
பத்து மணி நேரம் கொத்தினால்
மீதிப் பதினாலும் காதுக்குள் கொத்தும்.
மூன்றாம் வருடம் என் வலது காது
சொல்லிக்கொள்ளாமல் ஊருக்குப் போய்விட்டது.

கிரேக்கக் கப்பலொன்றின் எஞ்சின் அறையில்
எண்ணெய் படிந்து கிடந்த கேசட்டை
தொபியாஸ்தான் எடுத்துவந்தான்.
அட்டையில் பெயர் இருந்த பக்கம் கிழிந்திருந்தது.
மிஞ்சியவன் ஒரு காவல்காரன்:
தலையில் இரும்புக் கவசம், கையில் ஈட்டி,
நமக்கு முதுகைக் காட்டி
மூடுபனியைப் பார்த்து நிற்கிறான்.
யாருக்குடா காத்திருக்கான் என்பேன்.
ஃபோர்மேனுக்கு என்பான்.

வாக்மேனின் தலைவளையம் முறிந்து
இரண்டு பஞ்சுக் குமிழும் தனித்தனியே தொங்கின.
வலது அவனுக்கு, மேல் கட்டிலில்.
இடது எனக்கு, கீழே,
இருக்கிற ஒரே காதுக்கு.
அவன் புரண்டு படுத்தால்
என் பாட்டு பிடுங்கிக்கொண்டு போகும்.

வெள்ளைக்காரர்கள் பாடியது கொஞ்சம்.
அதிலும் நேரம் என்கிற ஒரு சொல்தான் பிடிபட்டது,
எங்களுக்கு ஓவர்டைம் ஞாபகம் வந்தது.
பிறகு கிதார். வெறும் கிதார்.
சவூதிப் பாலத்தின் விளக்குகள்போல்
ஒன்று முடியுமுன் அடுத்தது.

இரண்டாம் பக்கம், மூன்றாவது பாட்டு,
முடிய ஒரு நிமிடம் இருக்கையில்
ஏறுது பார் என்றான் மேலிருந்து.
இறங்குதுடா என்றேன்.
திருப்பிப் போட்டோம்.
அவனுக்கு ஏறியது, எனக்கு இறங்கியது.
பேட்டரி சோர்ந்து பாட்டுக்குக் கிழடு தட்ட,
மறுநாள் மொட்டைமாடி வெயிலில் காயவைத்து
மறுபடி போட்டோம்.
செவிட்டுப் பயலுக்கு என்ன தெரியும் என்றுவிட்டான்.

பதினெட்டு நாள் பேச்சில்லை.
பேசாத அந்த நாட்களிலும்
ராத்திரி பத்தானால்
மேலிருந்து என் குமிழ்
ஒயரில் ஆடி ஆடி இறங்கிவரும்.

தொண்ணூற்றாறு ஆகஸ்டில் அவன் விசா முடிந்தது.
வாக்மேனை என் தலையணைக்கடியில் வைத்துவிட்டுப் போனான்.

முதல்முறையாக வலது குமிழை எடுத்து
கேட்கிற காதில் வைத்தேன்.
வேறு கேசட் என்று திறந்து பார்த்தேன்.
அதேதான்.
நாலு வருடம் நான் கேட்டதெல்லாம் பதில்கள்;
கேள்விகள் மேல்கட்டிலில் ஓடிக்கொண்டிருந்திருக்கின்றன.
அந்தக் கடைசி நிமிடம் வந்தது.
ஏறியது.
கிரேன் கொக்கியில் இரும்புத் தகடுபோல்
அலுங்காமல் ஏறியது.

இரண்டையும் சேர்த்துக் கேட்க எனக்குக் காதில்லை.
இடதை வாயால் முனகிப் பார்த்தேன்,
மனப்பாடம்தானே.
சுருதி நிற்கவில்லை.
மேல்கட்டிலுக்குப் புதிதாக வந்த நேபாளி
குனிந்து, பல்வலியா என்றான்.

வெள்ளிக்கிழமை மணப்பாட்டுக்குப் போன் போட்டேன்.
பக்கத்து வீட்டுக்கு அவன் மனைவி ஓடிவருவதற்குள்
கார்டில் பாதி கரைந்திருந்தது.
அவுக கடலுக்குப் போயிருக்காக என்றாள்.
ஏறுதுன்னு சொல்லுங்க என்றேன்.
எதுண்ணே, தங்கமா?
கார்டில் பத்து நொடி.
ஆமாம் என்றேன்.