இருநூறு கிராம்

பகலில் சர்க்கரை லாரிகளை நிறுப்பேன்,
டர்பன் துறைமுகத்தில், மேடன் வார்ஃபில்.
பாரத்தோடு ஒரு தடவை, இறக்கிவிட்டு ஒரு தடவை.
கழித்தால் வருவது சர்க்கரை.
மனுசனை அப்படி நிறுக்க முடியாது.
காலியாக அவன் எவ்வளவு என்று
யாரும் எழுதி வைப்பதில்லை.

வெள்ளிக்கிழமைகளில்
குத்துச்சண்டை வாரியத்துத் தராசு என் பொறுப்பு.
பொம்பளை எதற்கு என்று முனகினார்கள்.
துண்டைப் பிடித்து மறைத்துக்கொள்ளட்டும்,
நான் பார்ப்பது முள்ளை என்றேன்.
பத்தொன்பது வருசம் முள்ளைத்தான் பார்த்தேன்.

மொகாமி முதலில் வந்தபோது
நாற்பத்தேழு புள்ளி ஆறுக்குள் நிற்க வேண்டும்.
முள் நாற்பத்தேழு எட்டில் நடுங்கியது.
இருநூறு கிராம்.
ஒரு கட்டுக் கொத்தமல்லி, ஒரு கோப்பைத் தேநீர்.
ஜட்டியையும் கழற்றினான், துண்டுக்குப் பின்னால்.
முள்ளுக்கு இரக்கமில்லை.

இரண்டு மணி நேரம் கொடுத்தோம்.
பிப்ரவரிப் புழுக்கத்தில் ரப்பர் கோட்டு மாட்டிக்கொண்டு
ஹோட்டலின் பதினொரு மாடியும் ஏறி இறங்கினான்.
காகிதக் கோப்பையில் துப்பிக்கொண்டே வந்தான்;
கடைசியில் துப்பும் சத்தம் மட்டும்தான் வந்தது.
பயிற்சியாளர் விரல்களால் கத்தரிக்கோல் கேட்டார்.
என் கைப்பையில் நகம் வெட்டுகிற சின்னக் கத்தரி இருந்தது.
அதைக் கொண்டு அவன் தலையை
எலி கடித்த மாதிரி வெட்டினார்கள்.
ஏறினான்.
நாற்பத்தேழு ஆறு.
அந்த முடியைக் கூட்டி அள்ளியது நான்தான்.
உள்ளங்கையில் ஒன்றுமே இல்லாதது போலிருந்தது.

மறுநாள் ம்தான்ட்சானேக்காரன் முசிவாண்டிலேயை
எட்டாவது ரவுண்டில் சாய்த்தான்.

அப்புறம் ஃப்ளைவெயிட்டில் வந்தான், ஜெயித்தான்.
பான்டமில் வந்தான், ஜெயித்தான், ஒரு பல் போனது.
ஏறுகிறான், ஏறுகிறான் என்று பேப்பரில் எழுதினார்கள்.
எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்:
ஒவ்வொரு தடவையும்
இன்னும் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு வருகிறான்.

என் மாமா கோபால்சாமியும் குத்துச்சண்டைக்காரர்.
அவர் காலத்தில் எடைக்கு முன்னால் தோலைப் பார்த்தார்கள்.
வெள்ளைக்காரனுக்கு ஒரு லைட்வெயிட் பட்டம்,
கறுப்பனுக்கு ஒன்று, இந்தியனுக்கு ஒன்று.
அந்த வகுப்பைத் தாண்ட
எத்தனை தட்டுச் சோறு தின்றாலும் முடியாது.

நாலாவது தடவை ஃபெதர்வெயிட்.
மொகாமிக்கு வயசு முப்பத்தாறு.
ஐம்பத்தேழு ஒன்று வரை இருக்கலாம்;
சட்டை பேன்ட்டோடு ஏறினான்,
ஐம்பத்தாறு ரெண்டு.
ரொட்டியைக் குடைந்து ஆட்டுக்கறி ஊற்றித் தருவார்களே,
கிரே தெரு பன்னி சௌ,
அதன் மஞ்சள் கறை அவன் காலரில்.
என்னைப் பார்த்தான்.
இரண்டு விரலைக் கத்தரி போல் ஆட்டி
தலைமுடியைத் தொட்டுக் காட்டினான்.
சிரித்துவிட்டேன். வாரியத்து ஆள் முறைத்தார்.

எதிராளி நெட்டையன்.
அவன் கை வந்து சேர்ந்த பிறகுதான்
மொகாமியின் கை கிளம்பியது.
சதையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம்,
எலும்பு அதே எலும்பு.
ஆறாவது ரவுண்டில் துண்டு விழுந்தது.
அன்று அவனை மறைத்துப் பிடித்தார்களே,
அதே வெள்ளை.

ராத்திரி தராசை எடுத்துப்போக வந்தேன்.
நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள்.
வந்தான். ஒரு கண் மூடிப் போயிருந்தது.
கோட்டு, பூட்ஸ், தோளில் பை, கையில் ஐஸ்கட்டி,
எல்லாவற்றோடும் ஏறி நின்றான்.
அறுபத்தேழு நாலு.
அதை எழுத என் தாளில் கட்டம் இல்லை.
அவனும் குனிந்து பார்க்கவில்லை.

இறங்கினான். நீ ஏறு என்று கை காட்டினான்.
இத்தனை வருசத்தில் நான் ஏறினதில்லை.
செருப்பைக் கழற்றினேன். வளையலையும்.
அவன் கழுத்துத் துண்டை உருவி
இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து
முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

முள் எங்கே நின்றது என்று
உங்களுக்கும் சொல்ல மாட்டேன்.