காப்பு

"ஒருவேளை" என்ற சொல்லுக்கு
விலை வைக்கும் வேலை கிடைத்திருக்கிறது.
அம்மாவிடம் இப்படித்தான் சொன்னேன்.
"அதற்கெல்லாம் சம்பளம் தருகிறார்களா?" என்றாள்.
தருகிறார்கள், மாதம் இருபதாம் தேதி.

பெர்கன் துறைமுகத்துப் பின்தெரு, மூன்றாவது மாடி.
இருபத்துமூன்று நாளாக மழை.
ஆறு மாதம்
பிறர் கையெழுத்திட்ட கோப்புகளைப் படித்தேன்:
மூழ்கியவை, எரிந்தவை,
நல்ல வெயிலில் நேராகப் போய்ப் பாறையில் ஏறியவை.
ஒரு படகைத் திமிங்கிலம் முட்டியதாம்.
இழப்பீடு கேட்டவர்
திமிங்கிலத்தின் நீளத்தையும் எழுதியிருந்தார்.
எங்கள் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

நேற்று மின்னஞ்சலில் என் வரம்பு வந்தது.
ராக்னி ஹெல்லஸ்தா,
இருபது லட்சம் குரோனர் வரை
யாரையும் கேட்காமல் ஒப்பலாம்.
இருபது லட்சம்!
என் சைக்கிளுக்கே நான் காப்பீடு எடுத்ததில்லை.

முதல் கோப்பு.
படகின் பெயர் நீர்க்காகம்.
பத்தரை மீட்டர், மரம், கட்டிய ஆண்டு 1968.
உரிமையாளர் ஓடுன் ஸ்தோர்விக், வயது அறுபத்தொன்று.
கூடப் போவது அவருடைய மைத்துனி மட்டும்.
குளிர்காலம் முழுக்க காட் மீன்.
பத்தொன்பது ஆண்டாக
ஒரு காசு இழப்பீடு கேட்டதில்லை.

கணினி மகிழ்ந்துபோய்த் தள்ளுபடி கொடு என்றது.
எனக்குத்தான் இடித்தது.
இணைப்பில் பழுதுச் சீட்டுகள்:
விலா மரம் இரண்டு,
சுக்கான்,
எரிந்த மின்கம்பி,
மறுபடியும் எரிந்த மின்கம்பி.
வாய் திறந்து கேட்காதவன்
அடிபடாதவன் என்று யார் சொன்னது?

தொலைபேசினேன்.
"ஏன் எங்களிடம் எதையும் கேட்கவில்லை?"
எஞ்சின் சத்தம். கடற்பறவைகள்.
"உடைத்தது நான். உங்களிடம் எதற்குக் கேட்க?"
"மின்கம்பி இரண்டு முறை எரிந்திருக்கிறதே?"
"மூன்று முறை," என்றார்.
"ஒரு சீட்டு தொலைந்துபோயிற்று."

பேனாவை வைத்துவிட்டேன்.
அந்த மூன்றாவது தீயை
நம்பிக்கையில் சேர்ப்பதா, ஆபத்தில் சேர்ப்பதா?

"தீயணைப்பான் இருக்கிறதா?"
"இருக்கிறது."
"காலாவதி ஆகவில்லையே?"
அதன்பின் பறவைகள் மட்டும் பேசின.

மறுத்திருக்கலாம்.
பக்கத்து மேசை ஸ்வைனுங் மறுத்திருப்பான்.
மறுக்க ஒரு வரி போதும்,
ஒப்பத்தான் ஒன்றரைப் பக்கம்.
எழுதினேன்:
தள்ளுபடி இல்லை, ஏழு விழுக்காடு கூடுதல்.
மின்கம்பி முழுவதும் மாற்ற ஏப்ரல் வரை கெடு.
புதுத் தீயணைப்பான் உடனே, புகைப்படச் சான்றுடன்.
கையெழுத்திடும்போது
என் பெயரின் கடைசி எழுத்து வழுக்கிக்
கோட்டுக்குக் கீழே விழுந்தது.

அன்றிரவு காற்று.
இந்த ஊரில் பிறந்தவள் நான்,
எந்தப் புயலுக்கும் எழுந்ததில்லை.
ஒருமுறை கூரை ஓடு போனதையே
காலையில்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.
இப்போது இரண்டு மணிக்கு
கட்டிலில் உட்கார்ந்து
மேற்கா வடமேற்கா என்று காது வைக்கிறேன்.
இதுநாள்வரை அது வெறும் வானிலை.
இன்று அதற்கு
என் கோப்பு எண் தெரியும்.

முகம் தெரியாத ஒருவரும்
பெயர்கூடத் தெரியாத மைத்துனியும்
கரையில்தான் படுத்திருக்க வேண்டும் என்று
வாய் எதையோ முணுமுணுத்தது.
வேண்டுதலா, கணக்கா,
பிரித்துப் பார்க்க வரவில்லை.

காலையில் ஒரு படம் வந்திருந்தது,
ஒரு சொல்கூட இல்லாமல்.
ஈரத் தளத்தில் சிவப்பாய்ப் புதுத் தீயணைப்பான்,
ஓரத்தில் ரப்பர் பூட்ஸின் முனை.
விலைச் சீட்டைக் கிழிக்கவில்லை.
பெரிதாக்கிப் பார்த்தேன்,
அறுநூற்றுத் தொண்ணூறு குரோனர்.

கோப்பில் சேர்த்தேன்.
அடுத்த கோப்பைத் திறக்குமுன்
எழுந்துபோய்
நடைக்கூடத்து மூலையில் தொங்கும்
எங்கள் அலுவலகத் தீயணைப்பானைத் திருப்பிப் பார்த்தேன்.

போன நவம்பரோடு முடிந்திருந்தது.