இருநூற்றுப் பன்னிரண்டு டன்

கப்பலை நிறுக்கத் தராசு கிடையாது.
கடல்தான் தட்டு.
எவ்வளவு அமிழ்ந்ததோ அவ்வளவு எடை.
அதை வாசித்துச் சொல்ல எனக்குச் சம்பளம்.

மத்தோலா துறைமுகம், ஜனவரி, விடியவில்லை.
சுவர்போல் எழுந்த சிவப்பு இரும்பின் அடியில்
தொங்கும் கயிற்றைப் பிடித்துப்
படகை நிறுத்துகிறான் ஃபிலிமோன்.
டார்ச் வெளிச்சத்தில் வெள்ளை எண்கள்.
அலை ஏறி எண்ணை விழுங்கும்,
இறங்கித் துப்பும்.
விழுங்கியதற்கும் துப்பியதற்கும் நடுவே எங்கோ
நான் எழுதவேண்டியது இருக்கிறது.
இருபது அலை பார்ப்பேன்.
"பதினொன்று நாற்பத்திரண்டு" என்பேன்.
"நாற்பத்தொன்று" என்பான் அவன், எப்போதும்.
ஒரு சென்டிமீட்டருக்கு ஐம்பத்தேழு டன்,
ஏறக்குறைய ஒரு வேகன் நிலக்கரி.
அதில் அவனுக்கும் பங்கில்லை, எனக்கும் இல்லை,
ஆனாலும் இருவரும் விட்டுக்கொடுப்பதில்லை.

அப்புறம் தண்ணீர்.
புட்டியை இறக்கி மொண்டு
கண்ணாடி மிதவையை அதில் விட்டால்
ஆயிரத்துப் பன்னிரண்டில் நிற்கிறது.
குடிக்கவும் ஆகாது, கடல் என்றும் சொல்ல முடியாது.
ஆறும் கடலும் பேரம் முடிக்காத இடம் இது.
ஓதம் திரும்பினால் எண்ணும் திரும்பிவிடும்,
சீக்கிரம் மேலேற வேண்டும்.

மேலே கன்வேயர் நின்ற அமைதி,
காது அதை நம்ப மறுக்கிறது.
கடைசி அறுநூறு டன்னை
முன்னறைக்குக் கொஞ்சம் பின்னறைக்குக் கொஞ்சமென
குழம்புக்கு உப்புப் பார்ப்பதுபோல் பார்த்து
இறக்கி முடித்த அமந்தியோ மச்சாவா
லோடர் கூண்டிலேயே தூங்கிவிட்டான்.

தலைமை அதிகாரி வக்தாங் பத்துமி ஊர்க்காரர்.
காபிக் கோப்பையைத் தட்டால் மூடியே வைத்திருப்பார்,
குடிக்கும் நேரம் தவிர.
அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் கணக்கு.
எண்ணெய் கழித்து, மிச்ச பாலஸ்ட் கழித்து,
சமையலறைத் தண்ணீர் கழித்து,
பிறகு மாறிலி:
பெயின்ட் மேல் பெயின்ட், துரு, சேறு, பழங்கயிறு,
எந்தப் பட்டியலிலும் வராமல்
ஒவ்வொரு கப்பலும் சுமக்கும் எடை.
மாறிலி என்று பேர். வருஷந்தோறும் மாறும்.

வந்தது நாற்பத்து மூவாயிரத்து முந்நூற்று முப்பது.
ரயில் சீட்டுகளைக் கூட்டினால்
நாற்பத்து மூவாயிரத்து நூற்றுப் பதினெட்டு.
அதே குவியல். ஒரு கூடை சேர்க்கவில்லை.
"கரி வளர்ந்திருக்கிறது" என்றார் வக்தாங்,
சிரிக்காமல்.

வளரும்தான்.
இருபத்து மூன்று நாள் யார்டில் கிடந்தது.
தூசி கிளம்பாதிருக்க
இரவும் பகலும் தெளிப்பான்கள் சுழன்றன.
அப்படியும் கிளம்பியது.
தேவாலயத்துக்குப் போடும் வெள்ளை ரவிக்கையை
நான் வீட்டுக்குள்தான் உலர்த்துகிறேன்.
புத்தாண்டுக்குப் பின் நான்கு நாள் மழை,
அதையும் குடித்தது குவியல்.
எங்கள் தெருக் குழாயில்
ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர்,
குவியலுக்குத் தினமும்.
படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை.
குறிப்புகள் என்றொரு வரி இருக்கிறது,
அதில் "வானிலை: மேகமூட்டம்" என்று எழுதினேன்.

டன்னுக்கு என்ன விலையோ அந்த விலைக்கு
மழையும் போகிறது.

"எந்த எண்ணைப் போடுவீர்கள்?"
"தண்ணீர் சொன்னதை."
அவர் மேசையறையைத் திறந்து
நான்கு வால்நட்டை என் பக்கம் தள்ளினார்.
லஞ்சமாக இருந்தால் மிகக் குறைவு,
அன்பாக இருந்தால் தெரியவில்லை.
கையெழுத்துப் போட்டேன்.

இனி வழியெல்லாம் கரி தண்ணீரைக் கசியவிடும்.
அறையின் அடிக்கிணற்றில் அது தேங்கும்.
காலைதோறும் வக்தாங் கோலிட்டுப் பார்த்து
நான்கு டன், ஆறு டன் என எழுதிப்
பம்பைப் போடச் சொல்வார்.
மத்தோலாவில் பெய்தது
தேதிவாரியாக இந்துமாக்கடலில் விழும்.
அந்தக் கரையில் யாரோ ஒருத்தி
படகில் இறங்கி இருபது அலை பார்த்து
"குறைகிறதே" என்பாள்.
கடிதம் வரும். கோப்பை எடுத்து வைத்திருக்கிறேன்.

ஏணி நனைந்திருந்தது.
ஃபிலிமோன் கையைப் பிடித்து இறக்கினான்.
"எது எழுதினாய், சுல்மிரா?"
"நாற்பத்திரண்டு."
தலையை ஆட்டிக்கொண்டே
கயிற்றை அவிழ்த்தான்.